கியோக்கிலிருந்து வேறுபட்டது

பொஸ் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதியவள் நான். எழுதிய அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் பயங்கர வலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இதையே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டிவந்தது, அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

எங்கள் பெரிய அகராதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சை அட்டை, இரண்டு தொகுதி, தலைமையாசிரியர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். யாரும் திறப்பதில்லை. திறந்தால்தான் வம்பு. முதல் தொகுதி, இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கம், இடது பத்தியில் கீழிருந்து மூன்றாவது சொல்: "பொஸ் — குதிரையின் நிறம், வெள்ளைக்கு நெருங்கிய வெளிர்சாம்பல், கியோக்கிலிருந்து வேறுபட்டது."

இதை எழுத நான் எந்தக் குதிரையையும் போய்ப் பார்க்கவில்லை. கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு நிமிர்ந்தேன், எதிரே அலுவலக ஜன்னல் திரை தொங்கியது. வாங்கியபோது அது வெள்ளை. துவைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்கு நெருங்கிய வெளிர்சாம்பல் என்று எழுதிவிட்டுப் பல் டாக்டரிடம் ஓடினேன். ஒரு நாட்டின் மொழியில் ஒரு நிறம் நிலைபெற்ற கதை இவ்வளவுதான்.

மறுநாள் துறைத் தலைவர் மூர்ஸாபெக் அண்ணன் அந்த வரியைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தெளிவா இல்லையே குல்சைரா. கியோக்குன்னா என்ன, பொஸ்ஸுன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்குது. நடுவுல ஒரு கோடு போடுங்க."

"கோடு இல்லையே அண்ணே. கியோக்குக்கு எங்க கோடு போடறது? வானமும் கியோக், புல்லும் கியோக், நரைக்கிற குதிரையும் கியோக்."

"போட்டா கோடு வரும். போடுங்க."

போட்டேன். 'கியோக்கிலிருந்து வேறுபட்டது' என்று இரண்டு சொல். கன்னம் பாதி வீங்கியிருந்தது, சண்டை போடத் தெம்பில்லை. அந்த இரண்டு சொல்லும் அச்சுக்குப் போயின, கெட்டி அட்டைக்குள் பதினொரு வருஷம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கிடந்தன.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிஷ்கேக்கில் தார் உருகுகிற வெயில். எங்கள் துறையில் நான்கு பேர், அதில் இரண்டு பேர் விடுமுறை போட்டு ஏரிக்குப் போய்விட்டார்கள். கதவைத் தட்டாமல் ஒருத்தி உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் பூப்போட்ட துணி, வெயிலில் வெடித்த உதடு. ஒரு கையில் கோலா பாட்டில் நிறையக் குமிஸ், இன்னொரு கையில் நகல் எடுத்த காகிதம் ஒன்று.

"பொஸ்ஸுக்கு அர்த்தம் எழுதினது யாரு?"

முப்பது வருஷ வேலையில் இப்படி ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

"நான்தான்," என்றேன்.

"நல்லா இருப்பீங்க. என் குதிரையைப் புடுங்கிக் குடுத்துட்டீங்களே அக்கா."

உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னாள். பெயர் கலீச்சா. நரின் பக்கம் மலைக்கு மேலே ஊர். கணவன் இல்லை, மகள்கள் இரண்டு பேர், ஒரே ஒரு பெட்டைக் குதிரை. அதன் பாலைக் குமிஸாகப் புளிக்க வைத்துச் சாலையோரம் விற்றுத்தான் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

"ஆறு வருஷம் முன்னாடி வாங்கினேன். அப்போ அதுக்கு மூணு வயசு. கால்நடை டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. பெட்டை, மூணு வயசு, கியோக். அவ்வளவுதான். அவரு இப்போ ரஷ்யாவுல லாரி ஓட்டுறாரு, போனை எடுக்கறதே இல்ல."

"சூடு போடலையா?"

"ஒரே ஒரு குதிரைக்குச் சூடு எதுக்கு? ஊருக்கே தெரியும் அது என்னுதுன்னு."

ஏப்ரலில் மேய்ச்சலுக்குப் போன குதிரை திரும்பவில்லை. மே மாதம் எசென்கூலின் மந்தையில் கண்டுபிடித்தாள், தொடையில் அவனுடைய சூட்டுக்குறி பச்சைப் புண்ணாக இருந்தது. எசென்கூல் லாரி லாரியாகக் குதிரை விற்கிறவன். சின்னக் குட்டியிலிருந்து அது தன் மந்தையில் வளர்ந்தது, சூடு போடத்தான் தாமதமாகிவிட்டது என்றான். வழக்குப் போனது.

"எனக்கு ஆறு பேரு சாட்சி சொன்னாங்க. அவனுக்கும் ஆறு பேரு. அவனோட ஆறு பேரும் அவன்கிட்டதான் ஆடு மேய்க்கிறாங்க. ரத்தம் எடுத்துப் பாருங்கன்னேன். தாய்க்குதிரை செத்துப்போச்சே, எதோட ஒப்பிடறதுன்னு கேட்டாங்க. கடைசியில என் சீட்டு ஒண்ணுதான் மிச்சம். அப்போ அவனோட வக்கீல் ஒரு பச்சைப் புஸ்தகத்தைக் கொண்டாந்து நீதிபதி மேஜைல டொம்முனு வெச்சான்."

அவள் நீட்டிய காகிதத்தைப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கம். என்னுடைய இரண்டு சொல்லுக்கும் கீழே மஞ்சள் கோடு.

"சீட்டுல கியோக்குன்னு இருக்கு, நிக்கிறது பொஸ் குதிரை, அரசாங்க அகராதி ரெண்டும் வேறன்னு சொல்லுது, அதனால இது இந்தம்மாவோடது இல்லங்கறான்."

"கியோக் குதிரை வயசாக ஆக நரைச்சுப் பொஸ்ஸாகும்னு அந்த நீதிபதிக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? குதிரை மேலயே வளந்த மனுஷன். அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். புஸ்தகத்துக்கு மட்டும் தெரியல." அவள் பாட்டிலை என் மேஜையில் வைத்தாள். "எழுதினவங்ககிட்டயே போயி, கியோக்குன்னு எழுதினதும் பொஸ்ஸுன்னு நிக்கிறதும் ஒரே குதிரையா இருக்கலாம்னு கடிதம் வாங்கிட்டு வாம்மா, பாக்கறேன்னு நீதிபதி சொன்னாரு. பத்து நாள் தவணை. இந்தக் குமிஸ்கூடப் பக்கத்து வீட்டுது அக்கா. என் குதிரை அவன் மந்தையில குட்டி போட்டிருக்கு. அது பாலை அவன் வீட்டுல கறக்கறாங்க."

கோபம் வந்தால் நான் ஏதாவது ஒன்றைத் திறப்பேன். அன்று பாட்டிலைத் திறந்தேன். மலையிலிருந்து வெயிலில் குலுங்கி வந்த குமிஸ் சீறிக்கொண்டு கூரைவரை போய் என் மேஜை முழுக்கக் கொட்டியது. முதல் தொகுதி தொப்பலாக நனைந்தது. அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூர்ஸாபெக் அண்ணன் கெட்டவர் இல்லை. என் மகளின் திருமண விருந்தில், மதிப்புக்குரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையை அவருக்குத்தான் வைத்தோம். அவருக்கு ஒரே ஒரு நோய், அகராதி தப்பே செய்யாது என்ற நோய்.

"கடிதமா?" என்றார். "யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒரு குதிரைக்குக் குடுத்தா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும். என் நிலம் குன்றா மேடான்னு ஒருத்தன் வருவான். பக்கத்து வீட்டுக்காரன் என்னை மந்தபுத்தின்னான், அது திட்டா இல்லையான்னு இன்னொருத்தன் வருவான்."

"வரட்டுமே அண்ணே. அவங்க வார்த்தைதானே, அவங்க வரக்கூடாதா?"

"அகராதி ஆடிச்சுன்னா நாட்டுல எதுவும் நிக்காது குல்சைரா."

"ஆடறதை ஆடுதுன்னு எழுதியிருக்கணும். அந்த ரெண்டு சொல்லும் நீங்க சேர்க்கச் சொன்னது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"நான் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, பல்வலியும் என்னுடையது. அவருடைய குரல் மட்டும் எந்தக் காகிதத்திலும் பதியவில்லை.

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்," என்றார்.

இந்தப் பதிப்பு வெளிவர இருபத்திரண்டு வருஷம் ஆனது. ஒரு குதிரை எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்பதை எங்கள் அகராதி சொல்லாது, ஆனால் எனக்குத் தெரியும்.

நடையில் காத்திருந்த கலீச்சாவிடம் கடிதம் கிடையாது என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அப்போ நீங்களே வாங்க," என்றாள். "காகிதம்தான் தர மாட்டாங்க, வாய் இருக்குல்ல?" கேட்டுவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கீழ்த்தளத்தில் இருக்கிற அட்டை அறைக்குப் போனேன். ஊர் ஊராகப் போய்ப் பேச்சைக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி அட்டைகளில் எழுதிவந்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவர்களுடைய அட்டைகள் மர இழுப்பறைகளில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. நாங்கள் அவற்றைப் படித்துத்தான் பொருள் எழுத வேண்டும், அதாவது பல் வலிக்காத நாட்களில். பொஸ்ஸுக்குப் பத்தொன்பது அட்டைகள் இருந்தன. பதினேழாவது அட்டையில் ஊதா மை. எழுபத்தொன்றாம் வருஷம், நரின் பக்கம், பால் கறக்கும் பெண் ஒருத்தி சொன்னது: "எங்க கியோக் பெட்டை இந்த வருஷம் பொஸ்ஸாயிடுச்சு."

அட்டையின் மூலையில் சிவப்புப் பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'பொருந்தாது.' கையெழுத்து என்னுடையது.

அதை எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. கோடு போட்ட பிறகு, கோட்டைத் தாண்டி நின்ற இந்த அட்டையை நானே ஓரம் தள்ளியிருக்கிறேன். குதிரையோடு வாழ்ந்தவள் தன் வாயால் சொன்னது பொருந்தவில்லை, அழுக்குத் திரையைப் பார்த்து நான் எழுதியது பொருந்திவிட்டது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. மூர்ஸாபெக் அண்ணன்மேல் இருந்த கோபத்தில் பாதியைத் திரும்ப எடுத்து என்மேலேயே போட்டுக்கொண்டேன்.

அட்டைகளை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் பலகை உண்டு. முப்பது வருஷத்தில் நான் அங்கிருந்து ஒரு பென்சில்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அன்று அட்டையைக் கைப்பைக்குள் வைத்து, மேலே தக்காளிப் பையை வைத்து மூடி, காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தவணை நாள் காலையில் மினிபஸ்ஸில் போய் இறங்கியபோது நீதிமன்ற வாசலில் பாப்ளர் மர நிழலில் குதிரை கட்டியிருந்தது. எசென்கூலின் ஆட்கள் அதைக் கொண்டுவரும்படி நீதிபதியே உத்தரவு போட்டிருந்தார். குட்டி அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. நான் பொருள் எழுதிய சொல்லை முதல்தடவையாக நேரில் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, தோளில் வட்டம் வட்டமாகச் சாம்பல், முழங்காலுக்குக் கீழே இன்னும் கறுப்பு. என் திரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உள்ளே சின்ன அறை. இருபது முப்பது பேர், ஆண்கள் எல்லோரும் வெள்ளைக் கம்பளித் தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எசென்கூல் முன் வரிசையில் இருந்தான். அகன்ற தோள், தங்கப்பல், எப்போதும் பாதிச் சிரிப்பு. அவனுடைய வக்கீல் நகரத்து ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும், படிய வாரிய தலையில் பாதி நரை. நீதிபதி வயதானவர், வெயிலில் காய்ந்த முகம்.

கலீச்சா என்னைச் சாட்சியாக அழைத்தாள். வக்கீல் எழுந்தான்.

"உங்க துறையோட கடிதம் இருக்கா?"

"இல்ல."

"அப்போ நீங்க துறை சார்பா வரல. தனியாளா வந்து, அகராதிக்கு எதிரா பேசப் போறீங்க. அகராதியைவிட உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அந்தப் பக்கத்துல அகராதிங்கறதே நான்தான் தம்பி," என்றேன். "அதுல இருக்கற புத்தி என் புத்திதான். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வக்கீல் விடவில்லை.

"சரி. எந்த அறிவியல் அடிப்படையில ரெண்டும் வேறன்னு எழுதினீங்க?"

அப்போதுதான் பல்வலியைச் சொன்னேன். ஜன்னல் திரையைச் சொன்னேன். கோடு போடச் சொன்னவரின் பெயரைச் சொல்லவில்லை, போட்ட கை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அறை முழுக்கச் சிரிப்பு. எசென்கூல்கூடச் சிரித்தான். நீதிபதி மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது. எனக்கு முகம் எரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பதினேழாவது அட்டையை எடுத்து உரக்கப் படித்தேன். மூலையில் என் கையால் எழுதிய 'பொருந்தாது' என்பதையும் படித்தேன்.

"இது ஐம்பது வருஷத்துக்கு முந்தின அட்டை," என்றான் வக்கீல். "யாரோ பால் கறக்கறவ சொன்னது. அச்சான அகராதி பெருசா, இந்தத் துண்டு அட்டை பெருசா?"

"தம்பி, உங்க அடையாள அட்டையில போட்டோ எடுத்தப்போ தலை என்ன நிறம்?"

"கறுப்பு. அதுக்கென்ன?"

"இப்போ?"

அவன் கை தலைக்குப் போய்த் திரும்பியது.

"எத்தனாவது முடி வெளுத்தப்போ நீங்க வேற ஆளானீங்கன்னு சொல்லுங்க. அந்த நம்பரைக் குடுத்தீங்கன்னா, கியோக் எந்த மயிர்ல முடியுது, பொஸ் எந்த மயிர்ல ஆரம்பிக்குதுன்னு நான் சொல்லிடறேன்."

இந்தத் தடவை நீதிபதி மேஜையைத் தட்டவில்லை. குனிந்து எதையோ எழுதினார், பிறகு தலையைத் தூக்கினார்.

"அம்மா, நீங்க கெட்டிக்காரங்க. ஆனா எனக்குத் தீர்ப்புல எழுத ஏதாவது வேணும். குதிரை நரைக்கும், எனக்கும் தெரியும். சீட்டுல எழுதின கியோக்குங்கற பேரு, வெளிய நிக்கிற குதிரைக்குப் பொருந்துமா, பொருந்தாதா? அகராதி பொருந்தாதுங்குது. நீங்க பொருந்தலாம்ங்கறீங்க. நான் யாரைக் கேக்கறது?"

"வெளிய போயி அதைப் பாத்து எல்லாரையும் கேளுங்க ஐயா. பேசறவங்களைக் கேட்டு எழுதறதுதான் எங்க வேலை. நான் ஒரு நாள் கேக்காம எழுதினேன், அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்து நிக்கறேன்."

வக்கீல் எதிர்ப்புத் தெரிவித்தான். நீதிபதி அவனைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் அவர் பின்னால் முற்றத்துக்கு இறங்கினோம்.

அதற்குள் வெயில் ஏறி நிழல் பாதியாகிவிட்டது. குதிரையின் முன்பாதி வெயிலில், பின்பாதி நிழலில். நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டார். பொஸ் என்றார் ஒருவர். இரும்புக் கியோக் என்றார் இன்னொருவர். வெள்ளைப் பொஸ் என்றாள் ஒரு கிழவி. "நேத்து மேகமா இருந்தப்போ பாத்தேன், கியோக்காத்தான் இருந்துச்சு," என்றார் தபால்காரர். இருவர் நிறத்தை விட்டுவிட்டு, தரகர்களின் கண் சரியா, பால் கறக்கிறவளின் கண் சரியா என்று சண்டையில் இறங்கிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு ஆனந்தம். நான் அட்டையில் எழுதியிருக்க வேண்டிய அத்தனையும் அந்த முற்றத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"பாருங்க ஐயா," என்றான் வக்கீல். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதனாலதான் அகராதி வேணும்ங்கறது. என் கட்சிக்காரர் முதல்லேருந்து ஒரே சொல்லைத்தான் சொல்றாரு. பொஸ். பிறந்ததுலேருந்து இது பொஸ். கியோக்குன்னு அவர் வாயில ஒரு தடவைகூட வந்ததில்ல."

"ஆமா," என்றான் எசென்கூல். "பொஸ்தான்."

குட்டியைத் தொட்டுப் பார்க்க யாரோ கை நீட்டியிருப்பார்கள், அது மிரண்டு ஓடியது. தாய் ஒரே இழுப்பில் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு அதன் பின்னால் பாய்ந்தது. கூட்டம் சிதறியது, நீதிபதியின் தொப்பி தரையில் விழுந்தது. முற்றத்தின் கதவு திறந்திருந்தது, அதற்கு அப்பால் லாரி ஓடுகிற பெருஞ்சாலை.

"டேய், கியோக்கைப் புடிங்கடா!" என்று கத்தினான் எசென்கூல். "கியோக் வெளிய போகுது, கதவைச் சாத்துங்கடா!"

கதவைச் சாத்தினார்கள். குதிரை நின்றது. முற்றமும் அப்படியே நின்றது.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டான். எசென்கூலுக்கு முதலில் விளங்கவில்லை, ஏன் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று குதிரையையும் மனிதர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அந்தப் பாதிச் சிரிப்பு காணாமல் போனது. அவனும் குதிரைக்காரன் வீட்டுப் பிள்ளைதானே. அவசரத்தில் நாக்கு அகராதியைப் புரட்டவில்லை, மந்தையில் பேசுகிற பேச்சைத்தான் பேசியது.

கலீச்சா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணே, எந்தக் கியோக்கு? இங்க பொஸ்ஸுதானே நிக்குது? உங்க கியோக்கு எங்க போச்சு, தேடிக் குடுக்கட்டுமா?"

நீதிபதி குனிந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "எழுதிக்கோ," என்றார் எழுத்தரிடம். "எதிர்வாதி தன் வாயாலேயே இந்தக் குதிரையைக் கியோக்குன்னு ரெண்டு தடவை கூப்பிட்டார். சீட்டு இந்தக் குதிரைக்குப் பொருந்தும்."

அவர் சொன்ன கடைசிச் சொல்லை நான் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பதினொரு வருஷத்துக்கு முன் சிவப்புப் பென்சிலில் அதற்கு எதிர்ச்சொல்லை எழுதியவள் நான்.

தீர்ப்பு சாயங்காலம் வந்தது. குதிரையும் குட்டியும் கலீச்சாவுக்கு. மினிபஸ் புறப்படுவதற்குள் ஒரு பாட்டில் குமிஸ் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், அது அவளுடைய குதிரையின் பாலா அல்லது பக்கத்து வீட்டுடையதா என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்:

"அடுத்த தடவை பல்லு வலிச்சா லீவு போட்டுடுங்க அக்கா."

திங்கட்கிழமை என் மேஜையில் வெள்ளைத்தாள் ஒன்று காத்திருந்தது. விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். ஆவணத்தை வெளியே எடுத்துச் சென்றது, அகராதியின் மதிப்பைக் குலைத்தது, இரண்டுக்கும் காரணம் காட்டவும். முப்பது வருஷமாகச் சொற்களுக்கு விளக்கம் எழுதியவளிடம் விளக்கம் கேட்கிறார்கள்! ஒரே வரிதான் எழுதினேன். "என் குற்றம் இரண்டு சொல்; அவை இன்னும் இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கின்றன." கையெழுத்துப் போட்டேன்.

அகராதிக் குழு கூடியது. அட்டை திரும்ப இழுப்பறைக்குப் போனது. என்னைப் பொருள் எழுதும் வேலையிலிருந்து எடுத்து மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு சொல்லும் அடுத்த பதிப்புவரை அப்படியே இருக்கும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மூர்ஸாபெக் அண்ணன் என்னிடம் அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"நீங்க தப்பு பண்ணல குல்சைரா," என்றார் கதவருகே நின்று. "ஆனா எல்லாரும் உங்களை மாதிரி பண்ணா அகராதி எங்க இருக்கும்?"

"முற்றத்துல இருக்கும் அண்ணே," என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

மூவாயிரம் படிகள் அச்சிட்டோம். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. விடுமுறை கிடைக்கிற போதெல்லாம் பஸ் ஏறுகிறேன். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் நூலகம், பிறகுதான் சாப்பாடு. முதல் தொகுதியைக் கேட்டு வாங்குவேன், பக்கத்தைத் திறப்பேன், அடிக்கோல் வைத்து இரண்டு சொல்லையும் கறுப்பு மையால் அடிப்பேன், புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுப்பேன். இதுவரை நாற்பத்தொரு படிகள் ஆகியிருக்கின்றன.

போன வாரம் தலாஸில் மாட்டிக்கொண்டேன். நூலகப் பொறுப்பாளர் என் வயதுக்காரி, கனத்த உடம்பு, மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. மை காய்வதற்குள் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன பண்றீங்க? அரசாங்கப் புஸ்தகம் அது!"

"நான் எழுதினதுங்க. தப்பா எழுதிட்டேன், அடிக்கறேன்."

"எழுதினா? அச்சாயிடுச்சுல்ல? இனிமே அது உங்களுது இல்ல." புத்தகத்தைப் பிடுங்கிப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். போலீஸைக் கூப்பிடுவாள் என்று கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவள் மறுபடி படித்தாள். முகம் மாறியது.

"ஜன்னல் திரையாட்டம் எழுதி வெச்சிருக்கீங்க," என்றாள். "எங்க அப்பாகிட்ட ஒரு பொஸ் இருந்துச்சு. மழையில நனைஞ்சா நீலமாயிடும். காஞ்சா பால். இதுல அது எங்கங்க?"

பேனாவை அவளிடம் நீட்டினேன். "ஓரத்துல இடம் இருக்கு."

"நானா? அரசாங்கப் புஸ்தகத்துலயா?"

"உங்க அப்பா குதிரைதானே?"

அவள் பேனாவை வாங்கவில்லை. முதலில் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு வாங்கினாள்.